குடும்பத்தோடு இயற்கைப் பண்ணைக்கு ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

வாசகர் கேள்வி
2025 ஜனவரி 5, ஞாயிறு

நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். சென்ற விடுமுறையில் ‘இயற்கைப் பண்ணைச் சுற்றுலா’ என்று விளம்பரம் செய்திருந்த ஓர் இடத்துக்குக் கட்டணம் செலுத்திச் சென்றோம். மாட்டு வண்டியில் ஒரு சுற்று, மண்பானையில் மோர், வாழை இலையில் சாப்பாடு, வாசலில் ஒரு கடை. இவற்றுக்கு மேல் எதையும் நாங்கள் காணவில்லை. காய்கறி எந்தப் பாத்தியில் விளைந்தது என்று கேட்டதற்கும் அங்கே விடை கிடைக்கவில்லை. ‘இயற்கை’ என்பது விலையை இரட்டிப்பாக்கும் சொல் மட்டுமே என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

குறிப்பு
ஜனவரி 5, இரவு 9.40

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. நாங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய அரிசியை இயற்கை முறையில் பயிரிடும் உழவர்களிடமிருந்தே வாங்குகிறோம். பிள்ளைகளையும் அந்த வயல்களுக்கு அழைத்துச் செல்கிறோம். நீங்கள் சென்ற இடத்தில் குறையாக இருந்தது பயிர்தான் என்று நினைக்கிறேன். வண்டியும் பானையும் எந்த மாதத்திலும் கிடைக்கும். பயிருக்கு மட்டுமே பருவம் உண்டு. ஆகவே எந்தப் பண்ணைக்குப் போவது என்று தேடுவதற்கு முன், எந்தப் பயிரைப் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு பயிர் போதும். அதன் விதை, அது நிற்கும் மண், அது காயும் களம், அது தட்டுக்கு வரும் வழி ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட முடியும்.

திருச்சியிலிருந்து நீங்கள் கிழக்கே வருவதாக இருந்தால் அந்தப் பயிர் நெல். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் முதல் நெற்பருவம் குறுவை. அதன் பின் சம்பா. குறுவை அறுத்த வயலில் தாளடி. பாரம்பரிய நெல்லில் பெரும்பாலானவை சம்பாப் பட்டத்துக்கு உரியவை. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஏறத்தாழ 160 நாட்கள், காட்டுயானத்துக்கு ஏறத்தாழ 180 நாட்கள் ஆகும் என்பதால், ஆடியிலும் ஆவணியிலும் விதைத்தவை தை, மாசியில்தான் அறுவடைக்கு வருகின்றன. நீங்கள் கேள்வி கேட்டிருக்கும் இந்த வாரம், வருவதற்கு மிகவும் ஏற்ற வாரம்.

குறிப்பு
ஜனவரி 6, காலை 6.15

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். முன்கூட்டித் தொலைபேசியில் பேசாமல் எந்த உழவர் வீட்டுக்கும் போகாதீர்கள். அறுவடை நடக்கும் அன்று அவரால் உங்களோடு நின்று பேச முடியாது. அறுவடைக்கு ஒரு வாரம் முன்பாகவோ, நெல் களத்தில் காயும் நாட்களிலோ போவது நல்லது. பின்தங்கி விதைத்த வயலில் கதிர் பூத்துக்கொண்டிருந்தால் முற்பகலில் வயலுக்குள் இறங்காதீர்கள். நெற்பூ விரிவது அந்த நேரத்தில்தான். வரப்பில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குறிப்பு
ஜனவரி 12, மாலை 4.30

எங்கள் அனுபவத்தை விரிவாக எழுதும்படி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாங்கள் வழக்கமாகச் செல்லும் வயல் திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் வரப்பில் நிற்பதுபோல் கிளம்பிவிடுவோம். வெயில் ஏறிய பின் பிள்ளைகளின் கவனம் நிற்பதில்லை. முதன்முறை சென்றபோது மகன் வயலைப் பார்க்கவே இல்லை, தட்டான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நான் இழுத்து வந்து நெற்கதிரைக் காட்ட முயன்றபோது அந்த உழவர் தடுத்தார். “விடுங்கம்மா, அவன் பார்க்கிறதுதான் எங்க மருந்தடிக்கிற ஆளு” என்றார். தட்டானும் சிலந்தியும் பொறிவண்டும் பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்பதையும், பூச்சிக்கொல்லி தெளித்தால் இவையும் சேர்ந்தே அழிந்துபோவதையும் அவர் அங்கேயே உட்கார்ந்து அவனுக்குப் புரியும்படி சொன்னார். வயலின் நடுவே நட்டிருந்த குச்சிகளின் குறுக்குக் கட்டையில் கரிச்சான்கள் வந்து அமர்ந்தன. அவை புழுக்களைப் பிடிப்பதற்காக வைக்கப்பட்ட பறவைத் தாங்கிகள். அதன் பிறகு மகனுக்கு வயல் முழுவதுமே பார்க்கத் தக்கதாகிவிட்டது.

மகளின் ஆர்வம் வேறு வகையானது. அவள் எல்லாவற்றுக்கும் அளவு கேட்பாள். பயிருக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யத்தில் என்னென்ன சேர்கின்றன, எத்தனை நாள் ஊற வேண்டும், பத்து லிட்டர் நீருக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகியவற்றோடு வெல்லம் அல்லது கரும்புச் சாறு, இளநீர், கனிந்த வாழைப்பழம் சேர்த்து ஊறவைத்து, தெளிக்கும்போது பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி கலக்கிறார்கள். இன்று பலரும் பின்பற்றும் இந்தக் கலவை முறையை வகுத்துப் பரப்பியவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராஜன் என்பதையும் அந்த உழவரே சொன்னார். தொட்டியின் மூடியைத் திறந்ததும் மகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து முகர்ந்துவிட்டு, “புளித்த மாவு மாதிரி இருக்கிறது” என்றாள். சரியாகப் புளித்த பஞ்சகவ்யம் அழுகல் நாற்றம் அடிக்காது என்பதை நானும் அப்போதுதான் அறிந்தேன்.

எங்கள் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய ஒன்றை என் மாமியார் கண்டார். அறுவடைக்கு நின்ற நெல்லின் அடியில் இரண்டு இலை விட்ட சிறு செடிகள் முளைத்திருந்தன. களை என்றுதான் நான் நினைத்தேன். “உளுந்து தெளிச்சாச்சா?” என்று அவர் கேட்டார். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுகிறார்கள். நெல் அறுபட்ட பின் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டு அது வளர்ந்துவிடும். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்கிறது. ஒரே வயலில் முடியப் போகும் பயிரும் தொடங்கிவிட்ட பயிரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் தை மாதத்தில் டெல்டாவுக்கு வர வேண்டும்.

குறிப்பு
ஜனவரி 13, இரவு 8.00

மாமியாரைப் பற்றி எழுதியதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. அன்று அந்த உழவர் வீட்டுத் திண்ணையில் மாமியார் விதைக்கோட்டை கட்டுவதை விளக்கினார். விதைநெல்லை நன்கு காயவைத்து, வைக்கோற்புரியால் சுற்றி உருண்டையாக இறுக்கிக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் கலந்து மெழுகிவிடுவார்கள். அடுத்த பட்டம் வரை முளைப்புத் திறன் கெடாமல் அது நிற்கும். அந்த உழவர் விதையைச் சாக்கில் வைத்திருந்தார். மாமியார் சொன்னதை அவர் கேட்டுக்கொண்ட விதத்தில் உண்மையான அக்கறை இருந்தது. முதியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களிடம் நான் முதலில் சொல்வது, அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள் என்பதுதான். டெல்டாவில் பிறந்து நகரத்துக்குப் பெயர்ந்த பாட்டிமார்களுக்குத் தெரிந்த பல செய்திகள், இன்று இயற்கை வேளாண்மைக்குத் திரும்பியிருக்கும் இளைய உழவர்களுக்குத் தேவைப்படுகின்றன.

விதையைப் பற்றிப் பேசும்போது நெல் ஜெயராமனைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் அவர் 2006 முதல் நெல் திருவிழாவை நடத்தினார். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கிடைக்கும். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இந்த எளிய ஏற்பாட்டின் வழியாக, 170க்கும் மேற்பட்ட ரகங்களை அவர் மீட்டுப் பரவலாக்கினார். 2018 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். பூங்கார், கருங்குறுவை, குடவாழை, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று இன்று கடைகளில் நாம் காணும் பெயர்களில் பல, அவர் இல்லையென்றால் வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். கரூர் மாவட்டம் கடவூர் அருகே நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் என்ற பண்ணையில் இன்றும் பயிற்சிகள் நடக்கின்றன. திருச்சியிலிருந்து மேற்கே போக விரும்பும் குடும்பங்கள், முன்பதிவு செய்துகொண்டு அங்கே செல்லலாம். அது வறண்ட நிலம். டெல்டாவில் காண்பதற்கு நேர் மாறான பாடங்களை அங்கே கற்கலாம்.

குறிப்பு
ஜனவரி 18, காலை 10.20

“சான்றிதழ் இல்லாத பண்ணையை எப்படி நம்புவது?” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நடைமுறையில் இரண்டு வகைச் சான்று உண்டு. ஒன்று, ஏற்றுமதிக்கும் ஏற்ற தேசியத் திட்டத்தின்படி வெளி நிறுவனம் ஆய்வு செய்து தருவது. தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை இதைச் செய்கிறது. இதன்படி, நெல் போன்ற பருவப் பயிர் என்றால் இரண்டு ஆண்டும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர் என்றால் மூன்று ஆண்டும் இரசாயன முறையிலிருந்து மாறும் காலமாகக் கழிய வேண்டும். மற்றொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்து உறுதியளிப்பது. செலவு குறைவு என்பதால் சிறு உழவர்களுக்கு இதுவே எட்டக்கூடியது. இவற்றுக்கு வெளியே, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உழவர் தம் விளைபொருளை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்று கட்டாயம் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு விதி விலக்களிக்கிறது. எனவே சான்றில்லை என்பதாலேயே ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது.

சான்றைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று டெல்டாவில் உண்டு. “உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்பதே அது. இங்கே பல இடங்களில் வாய்க்கால் நீர் ஒரு வயலில் புகுந்து அடுத்த வயலுக்கு வடிகிறது. மேட்டு வயலில் பக்கத்துக்காரர் உரமும் மருந்தும் போட்டால் அந்த நீர் இவர் வயலுக்கும் வரும். உண்மையாக உழைப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்து, வரப்பை எப்படி உயர்த்தினார், எந்தச் சிறு வாய்க்காலை அடைத்தார், பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாட்களில் என்ன செய்கிறார், முடியாமல் போகும் இடம் எது என்று அரை மணி நேரம் விளக்குவார். கேள்வியே புரியாதவர்போல் நிற்பவரிடம் நான் அரிசி வாங்குவதில்லை.

குறிப்பு
ஜனவரி 18, மதியம் 2.05

ஒரு பண்ணையில் யூரியா சாக்கைப் பார்த்ததாகவும் உடனே திரும்பிவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். காலிச் சாக்கு எதற்கும் சான்றாகாது. தீவனம் அள்ளவும், தேங்காய் கட்டவும், கூரை ஒழுகும் இடத்தில் விரிக்கவும் ஊர் முழுவதும் அந்தச் சாக்குகள்தான் பயன்படுகின்றன. பயிரைப் பாருங்கள். யூரியாவை மிகுதியாகக் கண்ட நெல் கரும்பச்சையாக, தழைத்து, மென்மையாக நிற்கும். தொழுவுரமும் தழையுரத்துக்காக வளர்க்கும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுத நிலத்தின் நெல் சற்று வெளிர் பச்சையாக, விறைத்து நிற்கும். பக்கத்துப் பக்கத்து வயல்கள் என்றால் பிள்ளைகளே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

குறிப்பு
ஜனவரி 26, மாலை 6.50

விலையைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை. அதை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்தேன்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இரண்டே வகைதான் உண்டு: சன்ன ரகம், பொது ரகம். 2024-25 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகத்துக்கு 2450 ரூபாய், பொது ரகத்துக்கு 2405 ரூபாய் என்று இருந்தது. 160 நாட்கள் வயலில் நின்ற, மருந்து படாத மாப்பிள்ளைச் சம்பாவைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் இதே விலைதான். விளைச்சலோ நவீன ரகத்தைவிடக் குறைவு. பயிர் ஆளுயரம் வளர்ந்து சாய்ந்துவிடுவதால் இயந்திர அறுவடை கடினம். கையறுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி மிகுதி. ஆகவே அந்த உழவர் நெல்லை விற்காமல் வைத்திருந்து, காயவைத்து, அவித்து, அரைத்து, புடைத்து, பொட்டலம் கட்டி, வாங்குபவரையும் தாமே தேட வேண்டியிருக்கிறது. நெல்லில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகப் போய்விடும். தவிட்டை நீக்காமல் அரைக்கும் ஆலை எல்லா ஊரிலும் இல்லை. பல மாதங்கள் பணம் முடங்கிக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு குடும்பம் வந்து போவது பொருள் பெறுகிறது. வாங்குபவரைத் தேடும் வேலையை அவரிடமிருந்து நாம் நீக்கிவிடுகிறோம். கண்ணால் பார்த்த வயலின் அரிசியை ஆண்டுதோறும் வாங்கும் பத்துக் குடும்பங்கள் இருந்தால், அந்த உழவர் அடுத்த ஆடியிலும் அதே விதையை எடுப்பார். கடையில் கேட்கும் கூடுதல் விலை உழவருக்கு எவ்வளவு போகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. களத்தில் கொடுக்கும் விலை முழுவதும் அவருக்கே போகிறது. “இரட்டிப்பு விலை” என்று கேட்ட வாசகரிடம், அந்தச் சொல்லை வாசலோரக் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உழவருக்கு வைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

குறிப்பு
பிப்ரவரி 2, இரவு 9.15

கேள்வி கேட்ட குடும்பம் சென்ற வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்து போனதாக எழுதியிருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. கறுப்புக் கவுனி அரிசியை ஊறவைத்தபோது தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியதைக் கண்டு சாயம் ஏற்றியிருப்பார்களோ என்று அவர்கள் அஞ்சியிருக்கிறார்கள். அஞ்ச வேண்டாம். கவுனியின் நிறம் தவிட்டு அடுக்கில் இருக்கிறது. அது இயல்பாகவே நீரில் இறங்கும். ஓர் அரிசியை ஒடித்துப் பாருங்கள்; உள்ளே வெண்மையாக இருக்கும். ஊறிய நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள்.

அரிசி நோயைத் தீர்க்கும் என்று எழுதிய ஒரு பலகையைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்கள்; அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அரிசி சர்க்கரை நோயைத் தீர்க்கும், அந்த அரிசி புற்றுநோயைத் தடுக்கும் என்று எழுதி வைப்பது தவறு. தவிடு நீங்காத அரிசியில் நார்ச்சத்தும் பிற சத்துகளும் மிகுதி என்பது உண்மை. ஆனாலும் அது அரிசிதான், மாவுச்சத்துதான். சர்க்கரை நோய் உள்ளவர் அளவை மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும். நல்ல அரிசிக்கு இந்தப் பொய்கள் தேவையில்லை. பொய் என்று தெரியவரும் நாளில் உழவரின் உண்மையான உழைப்பும் சேர்ந்தே ஐயத்துக்கு உள்ளாகும்.

குறிப்பு
பிப்ரவரி 9, காலை 11.00

சமையல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாள் இரவே ஊறவைத்து விடுங்கள்; குக்கரில் வைப்பதைவிட, அகலமான பாத்திரத்தில் வேகவைத்து வடிப்பது சுவை. முதல் வாரமே மூன்று வேளையும் சிவப்பரிசிச் சோறு போட்டால் பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். காலைக் கஞ்சியில் தொடங்குங்கள். சின்ன வெங்காயமும் பிரண்டைத் துவையலும் போதும். பூங்கார் புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் நன்றாக வரும். சீரகச் சம்பாவையும் தூயமல்லியையும் எந்த வீட்டிலும் பழக்க வேண்டிய தேவையே இல்லை. எங்கள் பிள்ளைகள் உண்மையில் மாறியது பழைய சோற்றில்தான். இரவு நீரூற்றி வைத்த காட்டுயானச் சோற்றைக் காலையில் பிசைந்து, மோர் விட்டு, உப்பிட்ட நார்த்தங்காயோடு கொடுத்தபோது, வயலுக்குச் சென்ற அன்று அந்த உழவர் வீட்டில் உண்டது இதுதான் என்று மகள் அடையாளம் கண்டாள்.

குறிப்பு
பிப்ரவரி 16, மாலை 5.30

ஐந்து கிலோ மட்டும் அரைத்துத் தரும்படி உழவரிடம் கேட்டதாகவும் அவர் தயங்கியதாகவும் ஒருவர் வருந்தியிருக்கிறார். சிறு அளவு நெல்லுக்காக ஆலையை ஓட்ட மாட்டார்கள். முன் ஓட்டிய ரகத்தின் அரிசி இயந்திரத்தில் தங்கிக் கலந்துவிடவும் செய்யும். இதற்கு நாங்கள் கண்ட வழி, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே ரகத்தில் ஒன்றிரண்டு மூட்டை நெல்லாகவே பேசி முன்பணம் கொடுத்துவிடுவது. நெல்லாக அவரிடமே இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேவைக்கு அரைத்து வாங்கிக்கொள்ளலாம். அரைக்கும் நாளில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உமி ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம் என்று பிரிந்து விழுவதைப் பார்ப்பது இந்தப் பயணத்தின் மறுபாதி. சுடச்சுட விழும் தவிட்டை அள்ளி வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; இனிக்கும்.

முன்பணம் கொடுக்கும்போது மழைக்கும் இடம் விட்டுப் பேசுங்கள். கார்த்திகை மழையில் வயல் மூழ்கி விளைச்சல் பாதியானால், இழப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டாமல், கிடைத்ததைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் பேசியிருக்கிறோம்.

குறிப்பு
மார்ச் 2, காலை 7.45

வாங்கிய அரிசியில் வண்டு வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டவருக்கு விடை: தவிடு நீங்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் அது விரைவில் காறலெடுக்கும், வண்டும் வரும். இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டியதை அரிசியாக வைக்காதீர்கள். பாத்திரத்தில் காய்ந்த வேப்பிலையையோ நொச்சி இலையையோ போட்டு வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து போடுவதும் உண்டு. வண்டு வந்துவிட்டால் நிழலில் உலர்த்திப் புடையுங்கள். கடும் வெயிலில் போட்டால் அரிசி வெடித்துக் குருணையாகிவிடும்.

உளுந்து அறுவடை பங்குனியில் தொடங்கும். தையில் வர முடியாமல் போனவர்கள் அதற்கு வரலாம். அந்த உழவரிடம் கேட்டுவிட்டேன், தோலோடு உடைத்த உளுந்தும் முழு உளுந்தும் தருவதாகச் சொல்கிறார். வருவோர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு வாருங்கள்.